ஐந்து வாக்கில் வென்ற அங்கத்தவர்

1892ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பிரித்தானியாவில் பொதுத் தேர்தல் நடைபெற்றது. இலண்டன் மாநகரின் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் லிபரல் கட்சியின் சார்பில் நின்றவர் ஓர் இந்தியர், 66 வயதினர், பம்பாயிற் பிறந்த பார்சி சமூகத்தவர். வாக்குகளை எண்ணி முடித்தபோது அவர் 3 வாக்குகளால் வென்றார் என்று அறிவித்தனர். மீண்டும் எண்ணிப் பார்த்தபோது அந்த 3 வாக்கு 5 ஆயிற்று. தாதாபாய் நௌரோஜி என்ற அவருடைய பெயர் ஆங்கிலேயரின் நாவுக்கு எளிதில் இணங்காத பெயர். ஆகவே நகைச்சுவை மிக்க சிலர், ஆங்கிலத்தில் 'குறுகிய பெரும்பான்மை' எனப் பொருள்படும் 'நரோ மஜோரிட்டி' என்ற தொடரையே அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டிவிட்டனர். பெயரும் வெற்றியும் ஒருங்கே அடங்கிய அந்தப் பட்டத்தை அவரும் பொறுத்துக் கொண்டார்.

இந்தியத் தொடர்புடைய ஒருவர் அதற்கு முன்னரும் பொதுமக்கள் சபையை எட்டிப் பார்த்ததுண்டு. டைஸ் சோம்பர் என்னும் கலப்பு வழித்தோன்றல், பெருஞ்செல்வர், 1841இல் சட்பரித் தொகுதியில் வென்றார். வாக்குகளை இலஞ்சத்தாற் பெற்றார் என்பதனால் மறு ஆண்டிலேயே அவ்வெற்றி செல்லாததாயிற்று. வங்காளத்து வழக்கறிஞர் லால்மோகன் கோஷ் டெட்பர்ட் தொகுதியில் இருமுறை நின்று இருமுறையும் தோற்றார். இந்திய மக்களின் குறைகளை எடுத்துரைப்பதே தம் கடன் என்று கருதி, அச்சபையில் உண்மையாக அமர்ந்து பணியாற்றிய முதல் மனிதர் நௌரோஜியே. அவர் அங்கு இருந்ததோ மூன்றே ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் அவர் செய்ததென்ன, அச்சபை அவருக்குச் செய்ததென்ன என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

அவர் 1825இல் ஒரு பார்சிக் குருவின் மகனாகப் பிறந்தவர். நான்கு வயதிலே தந்தையை இழந்தார். எழுத்தறியாத தாயாரே மகனைக் கற்பித்து ஆளாக்கினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் படித்து, அங்கேயே கணிதத்துக்கும் இயற்கைத் தத்துவத்துக்கும் பேராசிரியராக உயர்ந்தார். அக்கல்லூரியில் இந்தியர் ஒருவர் அந்தப் பதவியை வகித்தது அதுவே முதன்முறை. 1855இல் வாணிகத்தின் பொருட்டு இலண்டன் சென்றார். பின்னர் ஐம்பது ஆண்டுக் காலம் அவர் வாழ்வு இரு நாடுகளுக்கு இடையே ஊசலாடிற்று. இடையில் சில காலம் பரோடா சமஸ்தானத்தின் திவானாகவும், பம்பாய்ச் சட்டநிரூபண சபையின் அங்கத்தவராகவும் இருந்தார். 1886இல் கல்கத்தாவிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசின் இரண்டாவது மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

கணிதப் பேராசிரியர் என்ற செய்தியை நாம் மறத்தலாகாது. அவருடைய அரசியல் முழுவதும் கணக்கிலே பிறந்தது. 1870ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து அரசாங்க அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தியாவில் ஓராண்டில் விளைவதும் செய்யப்படுவதுமான பொருள்களுக்கெல்லாம் விலை கூட்டினார்; அதனைக் குடித்தொகையாற் பிரித்தார். தலைக்கு 20 ரூபா வந்தது. அடுத்து, சிறைச்சாலைக் கைதி ஒருவனுக்கு உணவுக்கும் உடைக்கும் அரசாங்கம் ஆண்டுதோறும் என்ன செலவிடுகின்றது என்று பார்த்தார். அந்தத் தொகை 20 ரூபாவுக்கு மேற்பட்டதாயிருந்தது. குற்றம் செய்தவனுக்குக் கிடைக்கும் சோறு குற்றம் செய்யாதவனுக்குக் கிடைப்பதற்கில்லை என்பதே அதன் பொருள். இதனை அவர் கூச்சலிட்டுச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களையே நிரல்படுத்தி, 1876இல் பம்பாயில் ஒரு கட்டுரையாகப் படித்தார்.

இந்த வறுமைக்குக் காரணம் என்ன? இந்தியாவில் வரியாக அறவிடப்படும் பணத்தில் ஒரு பெரும் பகுதி ஆண்டுதோறும் கடல் கடந்து சென்று திரும்பாமற் போகின்றது என்பது அவர் கண்ட விடை. ஆங்கில உத்தியோகத்தரின் சேமிப்பும் ஓய்வூதியமும், இலண்டனில் உள்ள இந்தியா காரியாலயத்தின் செலவும், கடனுக்கு வட்டியும், இந்தியாவுக்கு வெளியே நடந்த போர்களின் செலவிற் பங்குமெல்லாம் இந்திய வரவிலிருந்தே சென்றன. 1867இல் அபிசீனியாவுக்குப் போன இந்தியப் படைகளின் வழக்கமான சம்பளத்தைக் கூட இந்தியக் குடியானவனே கொடுக்க நேர்ந்தது. இதனையே நௌரோஜி 'வடிதல்' என்றார். குளத்து நீர் மதகு வழியே ஓடிவிட்டால் வயல் காய்வது இயல்புதானே.

அவரை மிதவாதி என்று வரலாறு கூறும். மிதவாதிகள் மனு எழுதுவோர், கைகட்டி நிற்போர் என்று பின்வந்த இளைஞர் இகழ்ந்ததும் உண்டு. நௌரோஜியைப் பொறுத்தவரை அவ்விகழ்ச்சி பாதியே உண்மை. ஆங்கிலேயர் நீதியுணர்வு உடையவர். உண்மை தெரிந்தால் திருந்துவர். ஆகவே உண்மையை அவர்கள் வீட்டு முற்றத்திலே கொண்டுபோய்க் கொட்டவேண்டும் என்று அவர் நம்பினார். அந்த முற்றம் பாராளுமன்றம். அரசப்பிரதிநிதியும் மாகாணத் தேசாதிபதிகளும் இறுதியில் அதற்கே பொறுப்புடையோர். ஆகவேதான் கல்கத்தாவிலோ பம்பாயிலோ நில்லாமல் இலண்டனில் வாக்குக் கேட்கத் துணிந்தார். 1886இல் ஹோல்போர்ன் தொகுதியில் முதன்முறையாகப் போட்டியிட்டுத் தோற்றார்.

1888 நவம்பரில் பிரதமராயிருந்த சோல்ஸ்பரிப் பிரபு எடின்பரோ நகரிற் பேசுகையில், ஆங்கிலத் தொகுதியொன்று கறுப்பு மனிதர் ஒருவரைத் தெரிவுசெய்யும் அளவுக்குக் காலம் இன்னும் முதிரவில்லை என்று குறிப்பிட்டார். ஹோல்போர்ன் தோல்வியை நினைவிற் கொண்டு அவர் சொன்ன அச்சொல், சொன்னவருக்கே வினையாய் முடிந்தது. அதுவரை நௌரோஜியின் பெயரையே கேட்டிராத ஆயிரக்கணக்கானோர் அவரை அறிந்துகொண்டனர். பார்சி சமூகத்தவராகிய நௌரோஜியின் நிறம் சோல்ஸ்பரிப் பிரபுவின் நிறத்தைக் காட்டிலும் வெளிறியது என்று பத்திரிகைகள் சில எள்ளி நகையாடின. அரசியலிற் பகைவரின் வாய்ச்சொல்லைப் போல உதவும் பிரசாரம் வேறொன்றில்லை.

மத்திய பின்ஸ்பரி செல்வர் வாழும் தொகுதியன்று. கடிகாரத் தொழிலுக்குப் பேர்பெற்ற கிளார்க்கன்வெல் பகுதியைத் தன்னுட்கொண்டது. கைவினைஞரும் சிறு கடைக்காரரும் நிறைந்தது. அவர்களுடைய மன்றங்களுக்கு நௌரோஜி ஆண்டுக்கணக்காகச் சென்று பேசினார். அயர்லாந்தின் சுயஆட்சியை ஆதரித்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றார். சொந்தக் கட்சிக்குள்ளேயே அவருக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தவேண்டும் என்று பிடிவாதமாய் நின்றோர் இருந்தனர். அந்தப் பிணக்குத் தேர்தல் நெருங்கும்வரை தீரவில்லை. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அவரை ஆதரித்துக் கடிதம் எழுதினார். அக்காலத்தில் பாராளுமன்ற அங்கத்தவருக்குச் சம்பளம் கிடையாது. அது வந்தது 1911இலே. எனவே தேர்தற் செலவும் பின்னர் வாழ்க்கைச் செலவும் அவர் தலையிலும் நண்பர்கள் தலையிலுமே விழுந்தன.

சபையில் அவர் சத்தியப்பிரமாணம் செய்தது பார்சிகளின் புனித நூலாகிய அவெஸ்தாவின் மீது. 1892 ஓகஸ்ட் 9ஆம் திகதி கன்னியுரை நிகழ்த்தினார். இந்தியர் ஒருவரை ஆங்கிலத் தொகுதி தெரிவுசெய்ததே பிரித்தானியரின் நீதியுணர்வுக்குச் சான்று என்று நன்றி பாராட்டினார். சுருக்கமான உரை, குற்றச்சாட்டு ஏதுமில்லை. பின்னர் அவர் அச்சபையிற் பெறவிருந்த அனுபவத்தை அறிந்த நாம் அவ்வுரையைப் படிக்கும்போது மனம் சிறிது கனக்கின்றது.

அச்சபை எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். 670 அங்கத்தவர் கொண்ட சபை அது. கிளாட்ஸ்டன் பிரதமர், அயர்லாந்துச் சுயஆட்சி மசோதாவே அவருடைய சிந்தை முழுவதையும் கவர்ந்திருந்தது. 1893ஆம் ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. இருபது கோடிக்கு மேற்பட்ட மக்களின் வரவு செலவுக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், பெரும்பாலோர் விடுமுறைக்கு மூட்டை கட்டிய பின்னர், வெற்று ஆசனங்களுக்கு முன்னே விவாதிக்கப்பட்டது. அங்கத்தவர் ஒவ்வொருவரும் இந்தியாவின் பிரதிநிதியே என்று இந்திய மந்திரி ஹென்றி பௌலர் 1895இற் பெருமிதத்தோடு கூறினார். அத்தனை பிரதிநிதிகளும் கணக்கு வாசிக்கும் நாளில் எங்கே போயினர் என்று கேட்கத் தோன்றுகின்றது. அவ்விடத்தில் நௌரோஜிக்குத் துணையாய் நின்றோர் மிகச் சிலர். முன்னர் பம்பாயில் சிவில் உத்தியோகத்தராயிருந்த சேர் வில்லியம் வெடர்பேண் 1893இற் சபைக்கு வந்தார், டபிள்யூ. எஸ். கெயின் இருந்தார். இவர்களும் வேறு சிலருமாக அவ்வாண்டிலேயே இந்தியப் பாராளுமன்றக் குழுவொன்றை அமைத்தனர்.

இனி, அவருடைய பாராளுமன்ற வாழ்க்கையின் உச்சமாய் அமைந்த நிகழ்ச்சிக்கு வருவோம். இந்திய சிவில் சேவைக்கான பகிரங்கப் போட்டிப் பரீட்சை 1855இல் தொடங்கிற்று. ஆனால் அது இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. சாதி மத வேறுபாடின்றி உத்தியோகம் வழங்கப்படும் என்று 1833ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1858ஆம் ஆண்டு மகாராணியாரின் பிரகடனமும் அதையே கூறியது. எனினும் ஓர் இந்திய இளைஞன் அந்தப் பரீட்சைக்குத் தோற்றவேண்டுமாயின், குடும்பத்தின் பொருளைத் திரட்டி, பெரியோரின் எதிர்ப்பைத் தாண்டி, கடல் கடந்து, பிறநாட்டிற் சில ஆண்டு தங்கிப் படிக்கவேண்டும். தவறினால் வெறுங்கையோடு திரும்பவேண்டும். இடையில் வயதெல்லையையும் 19 ஆகக் குறைத்தனர். அதனைப் பின்னர் உயர்த்தினர் என்பது வேறு கதை. இலங்கையராகிய நமக்கு இந்த நிலைமை புதியதன்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் இலங்கை சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வழியாக முதல் இலங்கையராகப் புகுந்ததும் கேம்பிரிட்ஜ் சென்று படித்த பின்னரே.

இலண்டனில் நடைபெறும் அதே வேளையில் இந்தியாவிலும் அதே பரீட்சையை நடத்தவேண்டும் என்பதே நௌரோஜியின் கோரிக்கை. கேட்டவர் கேட்டது சலுகையன்று; ஒரே வினாத்தாள், ஒரே அளவுகோல், எழுதும் மேசை மட்டும் வேறு. 1893 யூன் 2ஆம் திகதி ஹேர்பர்ட் போல் என்ற அங்கத்தவர் இத்தீர்மானத்தைச் சபையிற் கொணர்ந்தார்; நௌரோஜி அதனை ஆமோதித்துப் பேசினார். அரசாங்கம் எதிர்த்தது. வாக்கெடுப்பு நடந்தபோது சார்பாக 84 பேரும் எதிராக 76 பேரும் நின்றனர். தீர்மானம் நிறைவேறிவிட்டது. காங்கிரஸ் எட்டாண்டுகளாக மாநாடு கூட்டிக் கேட்டுவந்ததை, 5 வாக்கில் வென்ற ஒருவர் சபைக்கு வந்து ஓராண்டுக்குள் பெற்றுவிட்டார் என்று எல்லோரும் எண்ணினர்.

அந்தக் களிப்பின் அடையாளத்தை அவ்வாண்டு முடிவிற் காணலாம். இலாகூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்க நௌரோஜி டிசெம்பரிற் பம்பாயில் வந்திறங்கியபோது நகரமே திரண்டு வரவேற்றது. பாராளுமன்ற அங்கத்தவர் ஒருவர் தம்மவராய் வந்து நிற்பதை அம்மக்கள் அதற்குமுன் கண்டதில்லை.

ஆனால் அதற்குள்ளாகவே காகிதங்கள் வேறு திசையிற் பயணம் செய்து கொண்டிருந்தன. இந்திய மந்திரி அத்தீர்மானத்தை அபிப்பிராயத்தின் பொருட்டு இந்திய அரசாங்கத்துக்கு அனுப்பினார். இந்திய அரசாங்கம் மாகாண அரசாங்கங்களைக் கேட்டது. சென்னை மாகாண அரசாங்கம் ஒன்றே சாதகமான கருத்துச் சொன்னது. ஏனையவை எல்லாம் எதிர்த்தன. சேவையில் ஐரோப்பியர் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறையாமல் இருந்தே ஆகவேண்டும் என்றனர். பரீட்சையை இந்தியாவில் வைத்தால் ஆங்கிலக் கல்வியில் முந்திய ஒரு சில வகுப்பாரே இடங்களையெல்லாம் கைப்பற்றுவர், மற்றையோர் மனம் பொறார் என்றும் வாதித்தனர். பின்தங்கியோர் மீது அத்துணை இரக்கம் அந்த அரசாங்கத்துக்கு வேறெந்தக் காரியத்திலும் பிறந்ததாகத் தெரியவில்லை. 1894இல் இந்திய மந்திரி தம் முடிவை அறிவித்தார்: தீர்மானத்தை நடைமுறைப்படுத்துதல் இயலாது.

அவ்வளவுதான். சபை கேட்டது, உத்தியோகத்தர் மறுத்தனர், சபை மீண்டும் கேட்கவில்லை. 84 பேரின் வாக்கு 670 பேர் கொண்ட சபையின் உறுதியான கருத்தாகாது என்று சொல்வோர் உண்டு. அவ்வாதத்தில் நியாயம் இல்லையென்று கூறமாட்டேன். ஆயினும் அன்று சபைக்கு வாராமலிருந்த ஐந்நூறு பேரும் எதிர்த்தவரல்லர்; அக்கறையற்றவர். நௌரோஜியின் நம்பிக்கை அடிபட்டது பகைமையினாலன்று, அந்த அக்கறையின்மையினால் என்பது என் துணிபு. பகைவனுக்குக் கணக்குக் காட்டி வாதாடலாம். எழுந்து போய்விட்டவனிடம் எதைக் காட்டுவது? அலகாபாத்தில் முதன்முறையாக அந்தப் பரீட்சை நடைபெற்றது 1922இல். தீர்மானம் நிறைவேறி 29 ஆண்டுகள் கழித்து.

அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. 1894 ஓகஸ்டில் இந்திய நிருவாகத்தைப் பற்றி முழுமையான விசாரணை வேண்டும் என்று சபையில் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், இரு நாடுகளுக்கும் பொதுவான செலவுகளை நியாயமாகப் பங்கிடவேண்டும் என்று மீண்டும் வாதாடினார். இம்முயற்சிகளின் பின்னே 1895இல் வெல்பிப் பிரபுவின் தலைமையில் இந்தியச் செலவினம் பற்றிய அரச ஆணைக்குழு நியமனமாயிற்று. நௌரோஜியும் வெடர்பேணும் கெயினும் அதில் அங்கம் வகித்தனர். 1897இல் அதன் முன் சாட்சியம் அளிக்க இந்தியாவிலிருந்து சென்றவர்களுள் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் நம் தமிழகத்து ஜீ. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். 'இந்து' பத்திரிகையையும் 'சுதேசமித்திர'னையும் தோற்றுவித்த அப்பெரியார், நௌரோஜி கணக்கிட்டுக் காட்டிய வறுமையைச் சென்னை மாகாணத்துக் குடியானவரின் நிலையிலிருந்து எடுத்துரைக்கத் தக்கவர். நௌரோஜி ஆணைக்குழுவில் இருந்தபடியே சாட்சியாகவும் அமர்ந்து விடையளித்தார். 1900இல் அறிக்கை வெளிவந்தது. செலவிற் சிறு பகுதியைப் பிரித்தானியத் திறைசேரி ஏற்கவேண்டும் என்றது பெரும்பான்மை. அது போதாது என்று மூவரும் தனியறிக்கை எழுதினர்.

அறிக்கை வருமுன்னரே அவர் சபையை விட்டு நீங்கியிருந்தார். 1895 யூலைத் தேர்தலில் லிபரல் கட்சி நாடெங்கும் தோல்வியுற்றது. மத்திய பின்ஸ்பரியில் நௌரோஜி 800க்கு மேற்பட்ட வாக்குகளாற் பின்தங்கினார். அதே தேர்தலில் மஞ்சர்ஜி பௌநகரி என்ற மற்றொரு பார்சி கொன்சர்வேற்றிவ் கட்சியின் சார்பில் வடகிழக்கு பெத்னல் கிரீன் தொகுதியில் வென்றார். அவர் காங்கிரசின் கோரிக்கைகளோடு உடன்பட்டவரல்லர். சோல்ஸ்பரிப் பிரபு கறுப்பு மனிதரைப் பற்றிச் சொன்னது அவர் கட்சியாலேயே பொய்யாயிற்று என்பது ஒருபுறமிருக்க, ஆங்கில வாக்காளன் இந்தியனை விலக்கியதால் நௌரோஜி தோற்றார் என்று கூறுவதற்கும் இடமில்லாமற் போயிற்று. அவரை விழுத்தியது நிறமன்று, கட்சியின் அலை.

அவர் மறுபடியும் அச்சபையில் இடம்பெறவில்லை. 1906இல் வட லம்பெத் தொகுதியில் எண்பது வயதில் நின்றார். லிபரல் கட்சி நாடெங்கும் பெருவெற்றி கொண்ட தேர்தல் அது. ஆனால் அங்கே கட்சி வேறொருவரை நிறுத்தியிருந்தது. நௌரோஜிக்கு மூன்றாம் இடமே வாய்த்தது.

பதவி இழந்த பின்னர் அவருடைய சொற்கள் வன்மையடைந்ததைக் காணலாம். 1901இல் தம் கட்டுரைகளையும் உரைகளையும் தொகுத்து வெளியிட்டபோது, இந்தியாவின் வறுமையையும் அங்கு நடக்கும் 'பிரித்தானியத் தன்மையற்ற' ஆட்சியையும் நூலின் தலைப்பிலேயே இணைத்தார். பிரித்தானியத் தன்மை நல்லது, நடக்கும் ஆட்சிதான் அதற்கு மாறானது என்ற பழைய நம்பிக்கை அத்தலைப்பில் இன்னும் உயிரோடிருக்கின்றது; ஆனால் அது குற்றப்பத்திரத்தின் வடிவில் இருக்கின்றது. 1904இல் ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடிய சர்வதேச சோசலிச மாநாட்டில் இந்தியாவின் சார்பாகப் பேசினார். 1893இல் மகாராணியாரின் பிரசையெனப் பெருமைப்பட்டவர், பதினோராண்டு கழித்து அம்மேடையில் நின்றார்.

1906 டிசெம்பரிற் கல்கத்தாக் காங்கிரஸ் கூடிற்று. வங்காளப் பிரிவினையால் நாடு கொதித்திருந்த வேளை. திலகரைத் தலைவராக்க வேண்டும் என்று ஒரு சாரார் துடித்தனர். மிதவாதிகள் எவரும் மறுக்கத் துணியாத முதியவராகிய நௌரோஜியை இலண்டனிலிருந்து அழைத்தனர். தலைவரின் குரல் மெலிந்திருந்தமையால் உரையின் பெரும்பகுதியைக் கோகலே வாசித்தார். ஐக்கிய இராச்சியத்திலோ குடியேற்ற நாடுகளிலோ உள்ளது போன்ற சுயஆட்சியே, அதாவது 'சுயராஜ்யமே', வேண்டும் என்று அவ்வுரை கேட்டது. காங்கிரசின் தலைமைப்பீடத்திலிருந்து அச்சொல் ஒலித்தது அதுவே முதன்முறை. அதனை வாளேந்திய வீரர் எவரும் சொல்லவில்லை. மனு எழுதியும் கணக்குக் காட்டியும் தேர்தலில் நின்றும் ஐம்பது ஆண்டு கழித்த ஒருவரே சொன்னார். ஒரே நேரப் பரீட்சையையும் செலவுப் பங்கீட்டையும் அவர் அன்றும் கைவிட்டுவிடவில்லை. அவ்வுரையிலும் அவற்றைக் கேட்டார். அப்போது அவருக்குச் செயலாளராயிருந்த இளம் வழக்கறிஞர் முகம்மது அலி ஜின்னா. மறு ஆண்டு நௌரோஜி நோயுற்று இலண்டன் வாழ்வை முடித்துக்கொண்டு, பம்பாய்க்கருகே வெர்சோவாக் கடற்கரையில் வந்து தங்கினார். 1917 யூன் 30ஆம் திகதி பம்பாயிற் காலமானார்.